இரவில் மதில்மேல் நடப்பது எது? டிரெயில் கேமரா வாங்குமுன் வேலூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சத்துவாச்சாரி, ரங்காபுரம், பாகாயம், ஓட்டேரி என்று மலையை ஒட்டிய பகுதிகளில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். இரவு பதினொன்றரைக்கு மதில்மேல் ஏதோ ஒன்று ஓடும். உடம்பு கறுப்பு, வால் நீளம். யாரோ மாடியிலிருந்து செல்போனில் எடுத்த நான்கு விநாடி வீடியோ காலைக்குள் தெரு வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றும். மதியத்துக்குள் அதற்குச் 'சிறுத்தைக் குட்டி' என்று பெயரும் வைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. 2024 ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள் பள்ளி வளாகத்திலேயே சிறுத்தை புகுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கம் சிறுத்தை தாக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அதனால்தான் மதில்மேல் போனது என்ன என்று சரியாகத் தெரிவது முக்கியம். பூனை அளவுள்ள மரநாயைச் சிறுத்தை என்று நம்பினால் தெருவே ஒரு வாரம் தூங்காது. சிறுத்தையை மரநாய் என்று நினைத்துவிட்டால் அதைவிட மோசம்.

இதற்கென்றே விற்கும் கருவி டிரெயில் கேமரா. வனத்துறை 'தானியங்கி கேமரா' என்று மரத்தில் கட்டிவைக்கிறதே, அதன் சிறிய வடிவம். இணையக் கடைகளில் ஏறக்குறைய ஐயாயிரத்தில் தொடங்கிப் பதினைந்தாயிரம் ரூபாய் வரை கிடைக்கிறது. இங்கே பார்ப்பது அதிகம் விற்கும் சாதாரண வகை: நான்கு அல்லது எட்டு ஏஏ பேட்டரி, இரண்டு அங்குலத் திரை, அகச்சிவப்பு விளக்கு வரிசை, கட்டுவதற்கு ஒரு நாடா. பெட்டியின்மேல் எந்தப் பெயர் இருந்தாலும் இந்த விலையில் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான அமைப்புதான்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு வீட்டுக்கு ஒன்று தேவையில்லை, ஒரு தெருவுக்கு ஒன்று தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த அமைப்போடு அப்படியே மாட்டினால் வேலூரில் இது பாதி நாள் குருடு. காரணம் நம் வெயில்.

இந்தக் கேமரா எப்படி விழிக்கிறது என்று தெரிந்தால் அது புரியும். முகப்பில் வெள்ளையாக, குமிழ்போல இருப்பது பி.ஐ.ஆர். சென்சார். அது உருவத்தைப் பார்ப்பதில்லை, சூட்டு வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது. முன்னாலுள்ள இடத்தைப் பல பட்டைகளாகப் பிரித்து வைத்திருக்கும். பின்னணியைவிடச் சூடான ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குக் கடந்தால் படம் எடுக்கும். மார்கழிக் குளிரில் சுவர் குளிர்ந்திருக்கும், விலங்கு கதகதப்பாக இருக்கும், அதனால் சென்சார் பிரமாதமாக வேலை செய்யும். மே மாதத்தில் கதை வேறு. பகலில் நாற்பது டிகிரியைத் தாண்டிய வெயிலைக் குடித்த மதில் இரவு பத்து மணிக்கும் சூடு கக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சுவருக்கு முன்னால் போகும் விலங்கின் ரோமமும் கிட்டத்தட்ட அதே சூட்டில் இருந்தால் சென்சாருக்கு அங்கே எதுவும் நகரவில்லை. 'கண்ணெதிரே ஓடியது, கேமராவில் ஒன்றுமே இல்லை' என்று கோடையில் வரும் புகார்களில் பெரும்பாலானவை இதனால்தான். கருவி பழுது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், பாவம்.

சரிசெய்ய மூன்று வழி உண்டு. முதலாவது, சென்சிட்டிவிட்டி என்ற அமைப்பைப் பங்குனி முதல் ஆவணி வரை 'ஹை'யில் வையுங்கள், குளிர் மாதங்களில் 'மீடியம்' போதும். குளிர் காலத்திலும் ஹையிலேயே விட்டால் காற்றில் ஆடும் கிளைக்கெல்லாம் எடுத்து, விடிவதற்குள் அறுநூறு வெற்றுப் படம் சேர்த்துவிடும். இரண்டாவது, கேமரா பார்க்கும் பின்னணி வெயில் குடித்த சுவராக, கருங்கல்லாக, தகர ஷீட்டாக இருக்கக் கூடாது. செடி, மண், நிழலில் இருந்த சுவர் நல்லது. மூன்றாவது நம் ஊர்ப் பழக்கமே. மாலையில் மொட்டை மாடிக்குத் தண்ணீர் தெளிக்கிறோம் இல்லையா, அதேபோல் கேமரா பார்க்கும் சுவருக்கும் தரைக்கும் ஆறு மணிக்கு இரண்டு குடம் தண்ணீர் அடியுங்கள். பின்னணி குளிர்ந்துவிட்டால் முன்னிரவில் தவறுவது வெகுவாகக் குறையும்.

திசையும் முக்கியம். கிழக்கு, மேற்கு நோக்கி மாட்டினால் காலை, மாலை வெயில் நேராகச் சென்சாரில் விழும். வடக்கு நோக்கி மாட்டுங்கள், முடியாவிட்டால் தெற்கு.

உயரத்தில்தான் எல்லாரும் தவறுவது. வீட்டு சிசிடிவியைப் பார்த்துப் பழகிய கை இதையும் எட்டடி உயரத்தில் மாட்டிக் கீழே சாய்த்துவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் விலங்கின் முதுகு மட்டும்தான் தெரியும். காலின் நீளம், வயிற்றின் கோடு, முகம், அடையாளம் சொல்லும் எதுவும் தெரியாது. தரையில் வருவதைப் பிடிக்க முழங்கால் உயரம், அதாவது 40 முதல் 50 சென்டிமீட்டர் சரியானது. மதில்மேல் வருவதைப் பிடிக்க மதிலின் மட்டத்திலேயே, மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளி, பக்கவாட்டில். பெட்டியில் 20 மீட்டர், 25 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது பெரிய விலங்குக்கு, குளிர்ந்த இரவில். பூனை அளவு உருவத்துக்கு எட்டு மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள்.

கோணமும் அப்படித்தான். பாதைக்குச் செங்குத்தாக வைத்தால் சென்சார் உடனே விழிக்கும். ஆனால் இந்த விலைக் கேமரா விழித்து, விளக்குப் போட்டு, முதல் படம் எடுக்க அரை விநாடி வரை ஆகும். ஓடுகிற மரநாய் அதற்குள் தாண்டிவிடும், வால் மட்டும் மாட்டும். நேர் எதிரே வருமாறு வைத்தாலோ பட்டைகளைக் கடப்பது மெதுவாகி, சென்சார் தாமதிக்கும். பாதைக்கு 45 டிகிரி சாய்வு இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஏற்பாடு.

அடுத்து, இரவுப் படம் வெளுத்துப்போவது. வெள்ளையடித்த மதிலுக்குப் பக்கத்தில் வைத்தால் அகச்சிவப்பு ஒளி சுவரில் பட்டுத் திரும்பி, விலங்கு பேய்போல வெள்ளை உருவமாக நிற்கும். புள்ளியும் கோடும் அழிந்துவிடும். மருந்துக் கடையில் காயக் கட்டுக்கு விற்கும் மைக்ரோபோர் டேப் போதும், ஆஸ்பத்திரி ஊரில் அதற்கா பஞ்சம்! விளக்கு வரிசையில் கீழ்ப்பாதியை மட்டும் ஓர் அடுக்கு டேப்பால் மூடுங்கள். சென்சார் குமிழின்மேலும் லென்ஸின்மேலும் படக் கூடாது. இன்னும் வெளுத்தால் இரண்டாவது அடுக்கு.

விளக்கில் ஒளியின் அலைநீளத்தைப் பொறுத்து இரண்டு வகை உண்டு. 850 நானோமீட்டர் விளக்கு மங்கலான சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும், தூரம் அதிகம் போகும். 940 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறைவு. குடியிருப்புக்கு 940 வாங்குங்கள். நமக்குத் தேவை ஐந்து மீட்டர்தான். இருட்டில் சிவப்பாக மினுங்கும் பெட்டி திருடனுக்கும் தெரியும், குரங்குக்கும் தெரியும்.

மெகாபிக்சலுக்காகப் பணம் கொடுக்காதீர்கள். பெட்டியில் 36, 48 என்று எழுதியிருந்தாலும் உள்ளே படம் பிடிக்கும் சென்சாரின் உண்மையான அளவு பெரும்பாலும் அதில் சிறு பங்குதான். மீதியை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்குகிறது. விவரம் கூடாது, கோப்பின் எடை மட்டும் கூடும். அமைப்பில் 8 அல்லது 12 வைத்தால் போதும், அடுத்த படத்துக்கும் சீக்கிரம் தயாராகும்.

மெமரி கார்டு, பேட்டரி இரண்டிலும் சிக்கனம் பார்த்தால் மொத்தமும் வீண். கார்டு 32 ஜிபி, கிளாஸ் 10. இந்த வகைகளில் பல அதற்கு மேற்பட்டதை ஏற்காது. மைக்ரோ கார்டை அடாப்டரில் போட்டுச் செருகினால் அசைவில் தொடர்பு விட்டுப்போகும், முழு அளவு எஸ்டி கார்டே வாங்குங்கள். சாரதி மாளிகைக் கடைகளில் கேட்டு, கடையிலேயே ஒருமுறை கேமராவில் போட்டுப் பார்த்துவிட்டு வருவது நல்லது. பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், கம்ப்யூட்டரில் வேண்டாம்.

பேட்டரியில் அல்கலைன் ஏஏ எடுங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான செல் இரவு விளக்குக்குத் தேவையான மின்னோட்டத்தைத் தாங்காது. பகலில் படம் நன்றாக வரும், இரவில் முழுக்கக் கறுப்பாக வரும். அப்படி வந்தால் முதலில் செல்லைச் சந்தேகியுங்கள். ரீசார்ஜ் செல் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான். நான்கு சேர்ந்தால் 4.8, கேமரா எதிர்பார்ப்பது 6. எட்டு செல் மாடல்கள் இதைச் சமாளிக்கும், நான்கு செல் மாடல்கள் தடுமாறும். பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து போட்டால் பழையது கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். வெளி மின்சாரத்துக்கான துளை சில மாடல்களில் உண்டு. அதன் பக்கத்தில் 6 வோல்ட் என்று எழுதியிருந்தால் இன்வெர்ட்டர் பேட்டரியின் 12 வோல்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள், அன்றோடு முடிந்தது.

பேட்டரி மாற்றியதும் தேதியைப் பாருங்கள். பல மாடல்கள் தொழிற்சாலைத் தேதிக்கே திரும்பிவிடும். நேரம் தவறான படத்தை வைத்துக்கொண்டு 'எப்போது வருகிறது' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

படமா, வீடியோவா? முதல் மூன்று இரவு படம் மட்டும். ஒரு தூண்டலுக்கு மூன்று படம், இடைவெளி 5 விநாடி. எந்தப் பக்கமிருந்து, எத்தனை மணிக்கு வருகிறது என்று தெரிந்த பிறகு 10 விநாடி வீடியோவுக்கு மாறுங்கள். நடையைப் பார்க்க வீடியோதான் வேண்டும். பூனை இனம் தோளை அசைத்து மெதுவாக வைக்கும் அடியையும், மரநாய் தாழ்ந்து ஓடும் ஓட்டத்தையும் வீடியோவில் பிரித்துவிடலாம். வீடியோவில் ஒலியும் பதிவாகும், அதுவும் லாபம். 'குழந்தை அழுவதுபோல் ஏதோ கத்துகிறது' என்ற மர்மம் பல இடங்களில் கூகை ஆந்தையோடு முடிந்துவிடுகிறது.

இனி அளவு. அகச்சிவப்புப் படம் கறுப்பு வெள்ளை. பழுப்பு, மஞ்சள், சாம்பல் எல்லாம் ஒன்றாகிவிடும். பக்கத்தில் அளவுகோல் இல்லாமல் எதுவும் எவ்வளவு பெரியதாகவும் தெரியும். நம் ஊர் மதிலிலேயே அளவுகோல் இருக்கிறது. பூசாத ஹாலோ பிளாக் சுவர் என்றால் கல் ஒன்று ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் உயரம். சுவர்மேல் நிற்கும் மரநாயின் உடம்பு ஒன்றரைக் கல்லைத் தாண்டாது, வால் இன்னொரு கல் நீளம். வளர்ந்த சிறுத்தை என்றால் வால் இல்லாமலே மூன்று கல் பிடிக்கும். ஆனால் இது சுவரின் மேலோ சுவரை ஒட்டியோ நிற்கும் விலங்குக்கு மட்டும்தான் பொருந்தும். கேமராவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றால் வீட்டுப் பூனையும் இரண்டு கல் நீளமாகத் தெரியும், அந்தப் படத்தை அளக்காதீர்கள். பூசிய சுவராக இருந்தால், விலங்கு நின்ற அதே இடத்தில் மறுநாள் பகலில் ஒரு மீட்டர் குச்சியை, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு போட்டு, நிறுத்தி அதே கேமராவில் எடுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாட்ஸ்அப் சிறுத்தைகளில் பல இந்தக் குச்சிக்கு முன்னால் பூனை ஆகிவிடும்.

வேலூர்க் குடியிருப்புகளில் இரவில் மாட்டுவது பெரும்பாலும் மரநாய்தான். முகத்தில் கறுப்பு முகமூடி, கண்ணுக்குக் கீழே வெளிறிய திட்டு, முதுகில் மங்கலான மூன்று கோடு, வளையமே இல்லாத கறுத்த நீள வால். ஓட்டு வீட்டு மச்சு, ஷீட் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு, ஃபால்ஸ் சீலிங் ஆகியவற்றில் குடியேறும். பப்பாளி, சப்போட்டா, பனம்பழம் எல்லாம் தின்னும், கள் கலயத்திலும் வாய் வைக்கும். மொட்டை மாடியிலோ மதில்மேலோ கொட்டை நிறைந்த எச்சம் கிடந்தால் கேமராவே வேண்டாம், விடை கிடைத்துவிட்டது. வாலில் கறுப்பு வெள்ளை வளையங்கள், உடம்பில் வரிசையாகப் புள்ளிகள் இருந்தால் அது புனுகுப்பூனை. அதிகமும் தரையில்தான் திரியும். புள்ளியைப் பார்த்ததும் சிறுத்தைக் குட்டி என்று சொல்ல வைப்பது இதுதான். சிறுத்தையின் புள்ளி பூப்போல நடுவில் வெளிறியிருக்கும், புனுகுப்பூனையின் புள்ளி நிரம்பிய சின்னப் புள்ளி. காட்டுப்பூனைக்குக் கால் நீளம், காது உயரம், வால் குட்டை, உடம்பில் புள்ளி இல்லை. சதுப்பேரி, பாலாற்றங்கரைச் சீமைக்கருவேலப் புதர்ப் பக்கம் இதற்கு வாய்ப்பு அதிகம். முள்ளம்பன்றியைப் பற்றிக் குழப்பமே வராது. கீரியும் உடும்பும் பகலில் வருபவை. உடும்பின் உடம்பு சுற்றுப்புறச் சூட்டிலேயே இருப்பதால் பி.ஐ.ஆர். அதைப் பெரும்பாலும் தவறவிடும். உடும்பு என்று சந்தேகம் இருந்தால் 'டைம் லாப்ஸ்' அமைப்பில் நிமிடத்துக்கு ஒரு படம் என்று வையுங்கள்.

எவரும் எதிர்பார்க்காத இன்னொன்று சொறி முற்றி ரோமம் கொட்டிய தெருநாய். வால் எலிவால்போல, காது பெரிதாக, தோல் சுருங்கி, அகச்சிவப்பில் பார்த்தால் உலகில் இல்லாத விலங்கு மாதிரி நிற்கும். கால் மூட்டையும் நடையையும் பார்த்தால் நாய் என்று தெரிந்துவிடும். அதற்குத் தேவை கால்நடை மருத்துவர்.

கேமராவோடு மண் தடம் ஒன்றையும் வைத்தால் விடை உறுதியாகும், செலவும் இல்லை. விலங்கு இறங்கும் இடத்தில் ஒரு மீட்டருக்கு அரை மீட்டர், இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் சலித்த செம்மண்ணைப் பரப்பிப் பலகையால் மட்டம் தட்டுங்கள். எம்-சாண்ட் வேண்டாம், சொரசொரப்பில் தடம் பதியாது. காலையில் வெயில் ஏறுமுன், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். மரநாய்க்கு ஐந்து விரல் பதியும். பூனைக்கும் நாய்க்கும் நான்கு. நாய்த் தடத்தில் நகம் குத்தியிருக்கும், பூனை இனம் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். வீட்டுப் பூனையின் தடம் மூன்று சென்டிமீட்டர் அகலம். நகக்குறி இல்லாமல், வட்டமாக, ஏழு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் மேற்கொண்டு சொந்த ஆராய்ச்சி வேண்டாம். கேமராவை எடுக்கக்கூட இருட்டில் போகாதீர்கள். குழந்தைகளையும் ஆடு, நாயையும் உள்ளே வைத்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள், எண் கையில் இல்லாவிட்டால் 112.

வீட்டில் ஏற்கெனவே சிசிடிவி இருக்கிறதே, இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கேட், வாசல் வழியாக வருவதற்கு அதுவே போதும். ஆனால் அதன் அகலக் கோணம் ஓரத்தில் போகும் உருவத்தை இழுத்து நீளமாக்கிக் காட்டும். இரவு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி லென்ஸுக்கு முன்னால் வலை கட்டும். வலை ஆட ஆட இரவு முழுக்க எச்சரிக்கை அடித்துக்கொண்டிருக்கும். கம்பி போகாத பின்புறம், கிணற்றடி, காலி மனை ஓரம் ஆகியவற்றுக்கு டிரெயில் கேமராதான் சரி.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் வரும் நாடா வெயிலில் ஆறே மாதத்தில் நைந்துவிடும், நைலான் கயிறு வாங்கிக் கட்டுங்கள். மூடியின் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் உள்ளே போய் லென்ஸ் பனிக்கும். மூடும்போது வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். எறும்புதான் பெரிய எதிரி. பேட்டரிச் சூட்டுக்கு உள்ளே போய் முட்டையே வைத்துவிடும். கட்டும் கயிற்றில் வேப்பெண்ணெய் தடவி, வாரம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மலையடிவாரத்தில் குரங்கு பிடுங்கி எறியும், இரும்புக் கூண்டு தனியாக வாங்கத்தான் வேண்டும். புளூடூத், வைஃபை உள்ள மாடலுக்கு இரண்டாயிரம் கூடக் கொடுப்பது அவசியமில்லை. பேட்டரியைத் தின்கிறது, பத்து மீட்டருக்குள் நின்றால்தான் இணைகிறது. அதற்குள் கார்டையே கழற்றிவிடலாம்.

படம் விழவில்லை என்று வாழைப்பழம், கருவாடு வைத்து அழைக்காதீர்கள். ருசி கண்டால் தினமும் வரும், அதன் பின்னால் நாயும் வரும். கூண்டு வைத்துப் பிடிப்பதும் கூடாது. மரநாயும் புனுகுப்பூனையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. கூரையில் குடியிருப்பது மரநாய் என்று உறுதியானால், அது இரை தேடப் போன பிறகு, உள்ளே குட்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, இடுக்கைக் கம்பிவலையால் அடைப்பதே வழி. கேமரா பக்கத்து வீட்டு வாசலையோ குளியலறை ஜன்னலையோ பார்க்கக் கூடாது, மாட்டுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வனத்துறைக்குப் படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கி, புள்ளியா கோடா என்றே தெரியாமல் போய்விடும். 'டாக்குமென்ட்' என்ற வழியில் அசல் கோப்பாக அனுப்புங்கள், அளவுக் குச்சி வைத்து எடுத்த பகல் படத்தையும் சேர்த்து. கேமரா இருந்த இடம், உயரம், அது பார்த்த திசை மூன்றையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். கார்டை அழிப்பதை அவர்கள் பதில் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.